'மிட்' குடும்பம்: கையெழுத்துக்கு மேலே வரும் ஆங்கில வினைச்சொற்கள்



பழனிசெட்டிபட்டியில் நடந்த கூட்டமைப்பு வகுப்பில் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் எங்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். "இங்கிலீஷ் முழுசும் வேண்டாம் மேடம். பேங்குல நீட்டுற பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார்கள். நல்ல கோரிக்கை. அதற்காக எழுதிய பாடம்தான் இது.

பேங்க் படிவத்தில் உள்ள சொற்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நேம், ஏஜ், அட்ரஸ், டேட், அமௌண்ட் என்று வருவதெல்லாம் பெயர்ச்சொற்கள். இவை நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாவிட்டாலும் பக்கத்திலிருக்கும் கட்டத்தைப் பார்த்து ஊகித்துவிடலாம். சிக்கல் இன்னொரு வகையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே நாலைந்து வரி பொடி எழுத்தில் இருக்குமே, அதில் வரும் வினைச்சொற்கள். நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்வது அந்த வினைச்சொல். பெயரையும் வயதையும் பத்துத் தடவை சரி பார்க்கிறோம். அந்த நாலு வரியை யாரும் படிப்பதில்லை. படித்த பிள்ளைகளும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தால் ஆயுசு போதாது. கொத்துக் கொத்தாகப் பிடித்தால் சுலபம். ஒரே மாதிரி எழுத்து வரிசையில் முடிகிற சொற்கள் பெரும்பாலும் ஒரே வயிற்றில் பிறந்தவையாக இருக்கும். இந்த மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் கொத்து 'மிட்'. எம், ஐ, டி என்ற மூன்று எழுத்து.

முதலில் எழுத்தை அடையாளம் பிடிப்போம். பெரிய எழுத்தில் எம் என்பது அடுத்தடுத்து இரண்டு மலை முகடு நிற்கிற மாதிரி இருக்கும். நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐ என்பது ஒற்றைக் கம்பம். டி என்பது உச்சியில் குறுக்குக் கட்டை வைத்த கம்பம், கரண்டு கம்பம் மாதிரி. சின்ன எழுத்தில் எம் என்றால் மூன்று கால், இரண்டு வளைவு. ஐ என்றால் தலையில் ஒரு புள்ளி வைத்த சின்னக் கோடு. டி என்றால் சிலுவைக் குறி போல, அடியில் லேசாக வளைந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி, ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எழுதி வாங்கி, குழு நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பிறகு எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்று எழுத்து எங்கே ஒட்டி நிற்கிறது என்று தேடுங்கள். தேடினால் கண் பழகிவிடும்.

இந்த 'மிட்' லத்தீனிலிருந்து வந்தது. லத்தீன் என்பது பழைய ரோமாபுரி மக்களின் மொழி. அதில் 'மித்தெரே' என்றொரு வினைச்சொல். அனுப்பு, விடு, போகவிடு என்பது அதன் பொருள். அந்தச் சொல் முன்னால் ஒட்டு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்குள் பல சொற்களாக நுழைந்துவிட்டது.

நம் தமிழில் 'விடு' என்ற சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தூது விடு என்கிறோம், அனுப்பு என்று அர்த்தம். உள்ளே விடு என்கிறோம், சேர்த்துக்கொள் என்று அர்த்தம். போக விடு என்றால் அனுமதி கொடு. ஒரு பேரை விட்டுவிட்டேன் என்றால் எழுத மறந்துவிட்டேன். பொறுப்பை அவரிடம் விட்டாச்சு என்றால் ஒப்படைத்தாகிவிட்டது. ஒரே 'விடு'. இங்கே தமிழில் 'விடு' செய்கிற வேலையை அங்கே ஆங்கிலத்தில் 'மிட்' செய்கிறது. இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. 'மிட்' வருகிற இடத்திலெல்லாம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை விடுகிறோம்? யாரிடம் விடுகிறோம்?

இந்தக் குடும்பத்தில் பல பேர் நமக்கு ஏற்கெனவே பழக்கம். ஆஸ்பத்திரியில் அட்மிட், வண்டிக்குப் பர்மிட், காய்கறி மண்டியில் கமிஷன், கோயில் திருவிழாவுக்குக் கமிட்டி. இத்தனையும் ஒரே குடும்பம்தான் என்று சொன்னபோது வகுப்பில் ஒரு பெரியம்மா, "அப்ப வாமிட்டு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வாமிட்டும் எம், ஐ, டி என்றுதான் முடிகிறது. லிமிட்டும் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டும் வேறு வீட்டுப் பிள்ளைகள், எழுத்து மட்டும்தான் ஒற்றுமை.

உண்மையான குடும்பத்தாரைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை இருக்கிறது. ஒன்று, நடந்து முடிந்ததைச் சொல்லும்போது கடைசி டி இரட்டையாகும். சப்மிட்டெட், அட்மிட்டெட், பெர்மிட்டெட், ரெமிட்டெட் எல்லாவற்றிலும் இரண்டு கரண்டு கம்பம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கம்பெனிப் பெயர்ப் பலகையில் பிரைவேட் லிமிடெட் என்று பார்த்திருப்பீர்கள், அதில் டி ஒன்றுதான். இரண்டாவது சோதனை, வினைச்சொல் பெயர்ச்சொல்லாக மாறும்போது 'மிஷன்' என்று வரும். அட்மிட் அட்மிஷனாகும், பெர்மிட் பெர்மிஷனாகும், கமிட் கமிஷனாகும். லிமிட் அப்படி ஆகாது, லிமிட்டேஷன் என்று வேறு பக்கம் போய்விடும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தை 2011-ல் தொடங்கியபோது ஆங்கிலப் பெயரில் 'மிஷன்' என்றுதான் வைத்தார்கள். ஒரு காரியத்துக்காக அனுப்பப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். தையல் மிஷினை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது எந்திரம்.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

சப்மிட்

எழுத்து: எஸ், யு, பி, எம், ஐ, டி. 'சப்' என்றால் கீழே. ஒருவர் முன்னால் பணிந்து வைப்பது, தமிழில் சமர்ப்பிப்பது. மனுவையோ சான்றையோ அதிகாரியிடம் கொடுத்துவிடுகிறோம்.

இதே இடத்தில் வேறு சொற்களும் வரும். ஃபைல், ஃபர்னிஷ், என்க்ளோஸ், புரொட்யூஸ், ஹேண்ட் ஓவர். எல்லாமே 'கொடு' என்பது மாதிரிதான் தெரியும். ஆனால் நமக்கு நஷ்டம் வருவது இதிலுள்ள சின்ன வித்தியாசத்தில்தான். புரொட்யூஸ் என்றால் கொண்டுவந்து காட்டு. காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வரலாம். என்க்ளோஸ் என்றால் மனுவோடு சேர்த்து இணைத்துக் கொடு. சப்மிட் என்றால் கொடுத்துவிடு. ஹேண்ட் ஓவர் என்றால் ஒப்படைத்துவிடு. ஆகவே 'ஒரிஜினல் டு பி புரொட்யூஸ்டு' என்று போட்டிருந்தால் அசல் ரேஷன் கார்டையோ பட்டாவையோ காட்டினால் போதும், கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. நகலைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அசலைக் கொடுத்துவிட்டு, ஆறு மாசம் அலைந்த உறுப்பினர்கள் நம் பகுதியில் உண்டு. எதைக் கொடுத்தாலும் 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்று கேட்டு வாங்குங்கள். பெற்றுக்கொண்டோம் என்ற அத்தாட்சிச் சீட்டு அது.

சப்மிட் என்பதற்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று உண்டு: கட்டுப்படு. தனியார் நிதி நிறுவன ஒப்பந்தத்தில் 'சப்மிட் டு த ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று வந்து, பின்னால் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். தகராறு வந்தால் அந்த ஊர்க் கோர்ட்டில்தான் பார்த்துக்கொள்வேன் என்று நாம் ஒத்துக்கொள்கிறோம். தேனியில் இருந்துகொண்டு சென்னையிலோ மும்பையிலோ வழக்காட ஒப்புக்கொண்டோமா என்று அந்த ஒரு வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரெமிட்

'ரி' என்றால் திரும்ப. பணத்தைச் செலுத்து, அனுப்பி வை என்பது பேங்க் அர்த்தம். செலானில் வரும். மாற்றுச் சொற்கள் பே, சென்ட், டெபாசிட், டிரான்ஸ்ஃபர்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் 'ரெமிட்டர்' என்று ஒரு பக்கம், 'பெனிஃபிஷரி' என்று ஒரு பக்கம் இருக்கும். ரெமிட்டர் என்றால் அனுப்புகிறவர், அதாவது நாம். பெனிஃபிஷரி என்றால் பெறுகிறவர். இதை மாற்றி எழுதிப் படிவம் கிழிபடுவது வாராவாரம் நடக்கிறது. அதைவிட முக்கியம் கணக்கு எண். பெயரைச் சரியாக எழுதி எண்ணில் ஒன்று தப்பினாலும் பணம் எண்ணுக்குத்தான் போகும், பெயருக்குப் போகாது. ரிசர்வ் வங்கி 2010-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுப்புவதற்கு முன்பே அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. எனவே பெரிய தொகை அனுப்பும்போது "பேரைப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கேட்பது நம் உரிமை, தயங்க வேண்டாம்.

ரெமிட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் போகும் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: தள்ளுபடி செய், மன்னித்து விடு. கைதிகளுக்குத் தண்டனையைக் குறைப்பதை ரெமிஷன் என்பார்கள். மழை பொய்த்த வருஷத்தில் நிலவரியைத் தள்ளுபடி செய்வதும் ரெமிஷன்தான். பழைய கணக்குப்பிள்ளைமார் அதை 'வஜா' என்றார்கள். பணத்தைச் செலுத்தி விடுவதும் ரெமிட், வர வேண்டிய பணத்தை வேண்டாம் என்று விடுவதும் ரெமிட். வட்டியைப் பற்றிய வரியில் இந்தச் சொல் வந்தால் எந்த அர்த்தம் என்று கேட்டுவிடுங்கள்.

பெர்மிட்

'பெர்' என்றால் ஊடாக. ஊடே போக விடு. வண்டிக்காரர்கள் வாயில் பர்மிட். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிகாலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் இடுக்கி மாவட்டம் போகிற பெண்களுக்கு இந்தச் சொல்லைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை ஆள் ஏற்றலாம், எல்லை தாண்டலாமா என்பதெல்லாம் பர்மிட்டில் இருக்கிறது.

பேங்க் தாளில் பெர்மிட் என்ற சொல்லே அபூர்வம். அதன் உறவுக்காரர்கள்தான் வருவார்கள். அலோ, கன்சென்ட், ஆத்தரைஸ், சாங்ஷன். இந்த இடத்தில்தான் மாற்றுச் சொல் தெரிந்திருக்க வேண்டும். அலோ என்றால் விடு, அனுமதி. கன்சென்ட் என்றால் சம்மதம். ஆத்தரைஸ் என்றால் கொஞ்சம் பெரிய விஷயம், என் சார்பில் நீங்களே செய்துகொள்ளலாம் என்று அதிகாரம் கொடுப்பது. சேமிப்புக் கணக்கிலிருந்து வருஷா வருஷம் காப்பீட்டுப் பணம் தானாகப் பிடித்துக்கொள்ளும் படிவத்தில் இந்த ஆத்தரைஸ்தான் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்துக்கு வருஷம் 436 ரூபாய், சுரக்ஷா திட்டத்துக்கு 20 ரூபாய். முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இரண்டாவது விபத்துக்கு மட்டும், 70 வயது வரை. இவை இரண்டும் நல்ல திட்டங்கள், நாங்களே சேரச் சொல்கிறோம். ஆனால் "என் கணக்குல காசு காணோம்" என்று ஜூன் மாசம் பதறி வருகிறவர்களில் பாதிப்பேர் தாங்கள் ஆத்தரைஸ் செய்தது தெரியாதவர்கள். அதைவிட மோசம், கணவர் இறந்த பிறகு இப்படி ஒரு காப்பீடு இருந்ததே தெரியாமல் பணம் கேட்காமல் விட்ட குடும்பங்கள். பாஸ்புக்கில் 436 என்று பிடித்திருக்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் எல்லோருடைய புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள்.

சாங்ஷன் என்றால் கடனுக்கு ஒப்புதல். சாங்ஷன் ஆயிடுச்சு என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பணம் கைக்கு வருவதற்கு 'டிஸ்பர்ஸ்' என்று வேறு சொல். இரண்டுக்கும் நடுவில் நாள் இருக்கிறது, நிபந்தனையும் இருக்கலாம். சாங்ஷன் கடிதத்தை நம்பி மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அட்மிட்

'அட்' என்றால் நோக்கி. உள்ளே விடு, சேர்த்துக்கொள். க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் அட்மிட் போட்டார்கள் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பள்ளிக்கூட அட்மிஷனும் அதுதான்.

இதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை இந்தப் பாடத்திலேயே கனமான சொல் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். அட்மிட் என்றால் ஒப்புக்கொள். ஆமாம், அது உண்மைதான் என்று சொல்லிவிடுவது. மாற்றுச் சொற்கள் அக்செப்ட், அக்னாலெட்ஜ், கன்ஃபெஸ். எதிர்ச்சொல் டினை, அதாவது மறு.

1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் இந்த அட்மிட், டினை இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சார்பதிவாளர் முன்னால் வந்து, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால், அதாவது அட்மிட் செய்தால், பத்திரம் பதிவாகும். நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று மறுத்தால், அவர் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் நமக்குத் தெரியும். சில வீடுகளில் என்ன பத்திரம் என்றே சொல்லாமல் கூட்டிப்போகிறார்கள். "ஒரு கையெழுத்துத்தான் தாயீ, வா" என்பார்கள். தாளைப் படிக்க விடவில்லை என்றாலும், அதிகாரி கேள்வி கேட்கிற அந்த நிமிஷம் நம்முடையது. அந்த நேரத்தில் "எனக்குப் படித்துக் காட்டுங்க" என்று சொல்லலாம். வாய் திறந்து ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் எதை விடுகிறோம், யாரிடம் விடுகிறோம் என்ற இரண்டு கேள்வியையும் அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடுவது சின்ன விஷயமும் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான மகள்களுக்கு அதில் இடமில்லை. 2005 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. பிறப்பிலேயே மகனைப் போல மகளுக்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தெரிந்தே, மனசார அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம். தெரியாமல் விட்டதைத் திரும்ப வாங்க வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

கமிட்

சி, ஓ, எம், எம், ஐ, டி. இதில் மலை இரண்டு தடவை வரும். 'கம்' என்றால் சேர்த்து. ஒருவரை நம்பி விடு, ஒப்படை என்பது வேர்ப்பொருள். ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கைக்காயை மண்டிக்காரரை நம்பி விடுகிறோம். விற்றுத் தருவதற்கு அவர் எடுத்துக்கொள்வது கமிஷன். ஊர்ப் பொறுப்பை நாலு பேரை நம்பி விட்டால் அந்த நாலு பேர் கமிட்டி. பேச்சு வழக்கில் எனக்கு நிறையக் கமிட்மென்ட் இருக்கு என்கிறோம், பொறுப்புகள் கழுத்துவரை என்று அர்த்தம். வாக்கைக் கொடுத்துவிட்டோம், இனி கட்டுப்பட்டவர்கள் என்பதுதான் அது. குற்றம் செய்வதற்கும் கமிட் என்றே சொல்வார்கள், போலீஸ் தாளில் அப்படி வரும்.

கடன் தாளில் இதன் மாற்றுச் சொற்கள் அக்ரீ, அண்டர்டேக், கேரண்டி, ப்ளெட்ஜ். அக்ரீ என்றால் சம்மதிக்கிறேன். அண்டர்டேக் என்றால் செய்து முடிப்பதாக உறுதி கொடுக்கிறேன். கேரண்டி என்றால் இன்னொருவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன். ப்ளெட்ஜ் என்றால் பொருளையே ஈடு வைக்கிறேன். படி ஏற ஏறப் பாரம் கூடுகிறது பாருங்கள்.

இதோடு ஒட்டி ஒரு சொற்றொடர் வரும்: 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி'. குழுக் கடன் தாளில் பெரும்பாலும் இருக்கும். ஜாயின்ட்லி என்றால் கூட்டாக. செவரலி என்பதைப் பல பேர் என்று நினைத்துவிடக் கூடாது, இங்கே தனித்தனியாக என்று பொருள். பத்துப் பேர் சேர்ந்து கடன் வாங்கினால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் பொறுப்பு என்று நாம் நினைக்கிறோம். இந்தச் சொற்றொடர் இருந்தால் அப்படிக் கிடையாது. ஒன்பது பேர் ஊரை விட்டே போனாலும் மிச்சமுள்ள ஒருத்தரிடம் முழுக் கடனையும் கேட்கலாம். குழுவுக்குள் புது ஆளைச் சேர்க்கும்போது இதை நினைவில் வைத்துத்தான் தீர்மான நோட்டில் எழுத வேண்டும்.

ஈடு கேட்கும்போதும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சுய உதவிக் குழுக்களுக்கு வங்கி கொடுக்கும் கடனில் 10 லட்ச ரூபாய் வரை எந்த ஈடும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு 2022 மார்ச்சில் தனியாக விதி வந்தது. வட்டி, கட்டணம், தவணை எல்லாம் எழுதிய விவரத்தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். அந்தக் கடனுக்கு ஈடு கிடையாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதமும் கிடையாது. காப்பீடு மாதிரி வேறு எதையும் நம் சம்மதம் இல்லாமல் கடனோடு கட்டிக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து மடியில் தாளை வைத்து "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலைக் காட்டுகிற தம்பிகளிடம், "தமிழ்த்தாள் எங்கப்பா?" என்று கேளுங்கள்.

ஓமிட்

ஓ, எம், ஐ, டி. விட்டுவிடு, எழுதாமல் விடு. மாற்று: ஸ்கிப், லீவ் அவுட். தெரியாமல் விட்டாலும் ஓமிட்தான், வேண்டுமென்று விட்டாலும் ஓமிட்தான். உரக்கடை ரசீதின் அடியில் 'ஈ அண்ட் ஓ ஈ' என்று எழுத்து எழுத்தாக இருக்கும். அந்த ஓ, ஓமிஷன்தான். தவறும் விடுபாடும் இருந்தால் அதற்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை, பின்னால் திருத்திக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்கிறார். கடைக்காரருக்கு இருக்கிற சௌகரியம் நமக்கு இல்லை. ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருப்பதை எழுதாமல் விட்டால், அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுக்கலாம். பாலிசி எடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டால் அப்படிக் கேள்வி கேட்க முடியாது என்று 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஆகிவிட்டால் அல்லாடப் போவது பிள்ளைகள்தான். ஏஜெண்ட் "அதெல்லாம் எழுத வேணாம்கா" என்றால் கேட்காதீர்கள்.

டிரான்ஸ்மிட் என்றும் ஒன்று உண்டு, ஓரிடத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துவது. கரண்டு வருவதும் கொசு டெங்கு பரப்புவதும் டிரான்ஸ்மிட்தான். எமிட் என்றால் வெளியே விடு, வண்டிப் புகைச் சோதனைத் தாளில் பார்க்கலாம். நம் கையெழுத்துக்கு மேலே இவை அதிகம் வருவதில்லை.

இவ்வளவு ஆங்கிலமும் நாம் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு அக்கா கேட்டார். படிவம் தமிழில் இருந்தால் எதற்கு இந்தப் பாடு? அதுவும் நியாயமான கேள்வி. கணக்குத் தொடங்கும் படிவம், செலான், பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி என்று மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே கவுண்டரில் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் குழுவாகப் போய்க் கேளுங்கள். கடன் ஒப்பந்தம் மட்டும் இன்னமும் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் நீட்டுகிறார்கள். அது மாறுகிறவரைக்கும் இந்தப் பாடம் தேவைப்படும்.

பயிற்சி

குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அர்த்தம் சொல்லுங்கள்.

1. அப்ளிகேஷன் மஸ்ட் பி சப்மிட்டெட் வித் டூ ஃபோட்டோஸ்.
2. ஐ ஆத்தரைஸ் த பேங்க் டு டெபிட் மை அக்கவுண்ட்.
3. அமௌண்ட் ஒன்ஸ் ரெமிட்டெட் வில் நாட் பி ரீஃபண்டட்.
4. வீ ஜாயின்ட்லி அண்ட் செவரலி அண்டர்டேக் டு ரீபே த லோன்.

விடைகள்: ஒன்று, விண்ணப்பத்தோடு இரண்டு போட்டோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு, என் கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறேன். மூன்று, ஒருமுறை கட்டிய பணம் திரும்பத் தரப்படாது. நான்கு, கூட்டாகவும் தனித்தனியாகவும் கடனைக் கட்டுவதாக உறுதி கொடுக்கிறோம்.

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய கடன் தாளையோ காப்பீட்டுத் தாளையோ அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். நகல் போதும், அசல் வேண்டாம். அதில் 'மிட்' எத்தனை இடத்தில் வருகிறது, கையெழுத்துக்கு மேலே எந்த வினைச்சொல் நிற்கிறது என்று சேர்ந்து தேடுவோம். அடுத்த கொத்து 'ஃபை': வெரிஃபை, சர்ட்டிஃபை, நாட்டிஃபை.